கதிர் பட்ட தண்ணீர்

கதிர்வீச்சு வேதியியலில் வேலை பார்ப்பவர்களிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வரும்: இந்தத் தாதுவைக் கதிர் கரைக்குமா, கரைக்காதா? அணுக்கழிவைக் கையாளும் பொறியாளர் கேட்பார். அணு உலைக் குழாய்களைச் சுத்தம் செய்பவர் கேட்பார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நானோ துகள் ஒன்று தேய்ந்து காணாமல் போவதைக் கண்ட மாணவரும் கேட்பார். கேள்வியில் தாது இருக்கிறது, கதிர் இருக்கிறது, தண்ணீர் மட்டும் இல்லை. இந்தத் தொழிலில் நாள்பட நாள்பட எனக்கு உறுதிப்பட்டிருப்பது இதுதான்: நீரில் கிடக்கும் துகளின் கதியைத் தீர்மானிப்பதில், கதிர் நேரே துகளில் இறக்கும் அடியைவிட, அதே கதிர் சுற்றியுள்ள நீரில் பிறப்பிக்கும் வேதிப்பொருள்களுக்கே பெரும் பங்கு. ஆகவே தாதுவும் ஒன்று, கதிரின் அளவும் ஒன்று, நீரில் கலந்திருப்பது மட்டும் வேறு என்றால் விடை தலைகீழாக மாறிவிடும். கரையும் வேகம் கூடலாம், குறையலாம், கரைந்தது திரும்பத் திடமாகப் படியவும் செய்யலாம். இதற்கான சான்றுகளையும், இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

காமா கதிரோ வேகமான எலக்ட்ரானோ நீருக்குள் நுழைந்தால், போகிற வழியெல்லாம் நீர் மூலக்கூறுகளை உடைத்துக்கொண்டே போகும். ஒரு மைக்ரோ நொடிக்குள் அந்த அமளி அடங்கிவிடும். மிஞ்சுபவை ஹைட்ராக்சில் ரேடிக்கல், நீரேறிய எலக்ட்ரான், ஹைட்ரஜன் அணு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ரஜன் வாயு, கொஞ்சம் அமிலத்தன்மை. காமா கதிரைப் பொறுத்தவரை, நீர் 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை உறிஞ்சினால் ஹைட்ராக்சில் சுமார் 2.8, நீரேறிய எலக்ட்ரான் சுமார் 2.7, பெராக்சைடு சுமார் 0.7, ஹைட்ரஜன் வாயு சுமார் 0.45 மூலக்கூறுகள் கிடைக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஹைட்ராக்சில் நாம் அறிந்த மிக வலுவான ஆக்சிஜனேற்றிகளில் ஒன்று. 1962-ல் ஹார்ட்டும் போகும் நிறமாலையில் அடையாளம் காட்டிய நீரேறிய எலக்ட்ரானோ, சோடியம் உலோகத்தையும் விஞ்சும் ஒடுக்கி. எதிரெதிரான இரண்டும் ஒரே நீரில், ஒரே கணத்தில், ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் பிறக்கின்றன. எது ஜெயிக்கும் என்பதைக் கரைசலில் உள்ள மற்ற பொருள்கள் முடிவு செய்யும். ரேடிக்கலை வழிமறித்துத் தின்றுவிடும் பொருளை ஆய்வகத்தில் ஸ்கேவெஞ்சர் என்போம். நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைக் கரைசலில் செலுத்தினால் நீரேறிய எலக்ட்ரான்கள் ஹைட்ராக்சிலாக மாறி, நீர் முழுக்க ஆக்சிஜனேற்றும் பக்கம் சாய்கிறது. காற்றை வெளியேற்றிவிட்டு ஐசோபுரொப்பனாலோ ஃபார்மேட்டோ சேர்த்தால் ஹைட்ராக்சில்கூட ஒடுக்கும் ரேடிக்கலாக மாறி, நீர் எதிர்ப்பக்கம் சாய்கிறது. கதிர் மூலத்தைத் தொடாமலே விளைவைத் திருப்பிப்போட இந்த இரண்டு வழிகள் போதும்.

துகளில் விழும் நேரடி அடிக்கும் நீர் வழியே வரும் அடிக்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பக்கத்துக்கு 10 நானோமீட்டர் உள்ள போமைட் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். போமைட் என்பது அலுமினியத்தின் ஆக்சைடு ஹைட்ராக்சைடு. அந்தக் கட்டியில் ஏறக்குறைய 31,000 அலுமினியம் அணுக்கள் இருக்கும். ஒரு கிரே கதிர் அளவில் அந்தக் கட்டி உறிஞ்சும் ஆற்றல் சராசரியாக 0.02 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. ஆனால் கதிர் ஆற்றலைப் பொட்டலம் பொட்டலமாகத்தான் இறக்கும், ஒரு பொட்டலம் சில பத்து எலக்ட்ரான் வோல்ட் இருக்கும். 75 என்று வைத்துக்கொண்டால், அந்தத் துகளில் ஒரே ஒரு முறை நேரடி அடி விழுவதற்குச் சராசரியாக 4,000 கிரே வேண்டும். நொடிக்கு ஒரு கிரே தரும் கோபால்ட்-60 அறையில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். இனி நீரின் பக்கம் வருவோம். லிட்டருக்கு ஒரு கிராம் துகள் கலந்த கரைசலில், கிரேக்கு ஒரு துகளுக்கு அரை ஹைட்ராக்சில் வீதம் பிறக்கிறது. அதாவது அந்த ஒற்றை நேரடி அடி விழும் நேரத்துக்குள், துகள் ஒன்றுக்கு ஏறக்குறைய 2,000 ஹைட்ராக்சில்களும் அதே அளவு நீரேறிய எலக்ட்ரான்களும் சுற்றிலும் தோன்றிவிடுகின்றன. அவற்றில் பெரும்பகுதி ஒன்றோடொன்று சேர்ந்து அழிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கரைசலில் துகளுக்கும் துகளுக்கும் இடைவெளி 150 நானோமீட்டர்தான். சுத்தமான நீரில் பிறந்த ரேடிக்கல் அரை மைக்ரோ நொடிக்குள் அருகிலுள்ள துகள் இருக்கும் தூரத்தைக் கடந்துவிட முடியும். இருபதில் ஒன்று எட்டினால்கூட நேரடி அடியைப்போல் நூறு மடங்கு நிகழ்வுகள் மேற்பரப்பில் நடக்கும்.

இரும்பு ஆக்சைடுகளில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். மூன்று மின்னூட்டமுள்ள இரும்பு நடுநிலை நீரில் கிட்டத்தட்டக் கரையாது. இரண்டு மின்னூட்டமாக ஒடுங்கினால் எளிதில் கரைசலுக்குள் வந்துவிடும். பக்ஸ்டன், ரோட்ஸ், செல்லர்ஸ் மூவரும் 1982-ல் நேச்சர் இதழில் கூழ்ம நிலை ஹெமடைட்டைக் கதிர்வீச்சால் கரைத்துக் காட்டினார்கள். கதிர் நேராக ஹெமடைட்டை உடைத்துவிடவில்லை. கரைசலில் உண்டான ஒடுக்கும் ரேடிக்கல்கள் துகளின் மேற்பரப்பில் எலக்ட்ரான்களை ஒப்படைத்தன, அவற்றை வாங்கிக்கொண்ட இரும்பு நீரில் இறங்கியது. இந்த ஆய்வுக்குப் பின்னால் தொழில் தேவை ஒன்று இருந்தது. நீரால் குளிர்விக்கப்படும் அணு உலைகளில் குழாய்ச் சுவர்களில் படியும் இரும்பு ஆக்சைடு மண்டி, கோபால்ட்-60 போன்றவற்றைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொண்டு பராமரிப்பு ஊழியர்களுக்கு டோஸ் ஏற்றும். அதை எடுக்கப் பிரிட்டனில் உருவான லோமி முறை, வனேடியம் பிகோலினேட் என்ற ஒடுக்கியைப் பயன்படுத்துகிறது. கரைசலில் சேர்ந்திருக்கும் ஃபார்மேட், உலைக்குள் இருக்கும் கதிரால் பிறக்கும் ஹைட்ராக்சிலை வழிமறித்து ஒடுக்கும் ரேடிக்கலாக மாற்றிவிடுகிறது. கதிர் மருந்தைக் கெடுப்பதற்குப் பதிலாக மருந்தோடு சேர்ந்து உழைக்கிறது. இதே இரும்பை, காற்று கலந்த நீரில், கரைந்த நிலையில் வைத்துக் காமா கதிரில் விட்டால் நடப்பது நேர் எதிர். ஆக்சிஜன் நீரேறிய எலக்ட்ரானை விழுங்கிவிட, மிஞ்சும் ஆக்சிஜனேற்றிகள் இரும்பைத் துருவாக்கிப் படிய வைக்கின்றன. கதிரும் இரும்பும் மாறவில்லை. முதல் சீசாவில் துகள் கரைகிறது, இரண்டாவதில் துகள் பிறக்கிறது.

யுரேனியம் டையாக்சைடில் திசை வேறு. நான்கு மின்னூட்ட யுரேனியம் நடுநிலை நீரில் லிட்டருக்குச் சில நானோமோல் அளவில்தான் கரையும். ஆறாக ஏறிவிட்டால், அதிலும் நீரில் கார்பனேட் இருந்துவிட்டால், பல லட்சம் மடங்கு அதிகமாகக் கரையும். எரிந்து முடித்த எரிபொருளை ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பீட்டா, காமா பெரும்பாலும் அடங்கி ஆல்ஃபா கதிரே முன்னே நிற்கும். ஆல்ஃபா துகள் நீரில் ஏறக்குறைய 40 மைக்ரோமீட்டர்தான் ஓடும். எரிபொருளைத் தொட்டு நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே அதனிடம் மாட்டுகிறது. ஆனால் அந்தப் படலத்தில் ரேடிக்கலைவிடப் பெராக்சைடு மிகுதியாகப் பிறக்கிறது, பெராக்சைடுதான் யுரேனியத்தை ஆக்சிஜனேற்றிக் கரைக்கிறது. இதற்கு ஆய்வகத்துக்கு வெளியேயும் சாட்சி உண்டு. ஸ்டூட்டைட் என்ற யுரேனியப் பெராக்சைடுத் தாது, காங்கோவின் ஷிங்கொலொப்வே சுரங்கப் பகுதியில் இயற்கையாகவே கிடைக்கிறது. தாதுவின் சொந்தக் கதிர் நீரை உடைத்துத் தந்த பெராக்சைடு இல்லாமல் அங்கே அது உருவாக வழியில்லை. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு வளாகத்தில், குளத்து நீரில் நீண்ட காலம் கிடந்து அரித்துப்போன எரிபொருளின் மேலும் அதே தாது படிந்திருந்தது. மறுபக்கம், நீரில் ஹைட்ரஜன் வாயு கரைந்திருந்தால் இந்தக் கரைதல் மிகவும் ஒடுங்கிவிடுகிறது. எரிபொருளுக்குள் சிறு மணிகளாகக் கிடக்கும் பல்லேடியம், ருத்தீனியம் போன்ற உலோகங்கள் ஹைட்ரஜனைத் தூண்டி, ஆக்சிஜனேறிய மேற்பரப்பைப் பழைய நிலைக்குத் திருப்புகின்றன. எரிந்து முடித்த எரிபொருளைப் புதைப்பதற்கான ஸ்வீடனின் கேபிஎஸ்-3 திட்டத்தில் செப்புக் கலத்துக்குள் வார்ப்பிரும்பு வைப்பது முதலில் உறுதிக்காகத்தான். ஆனால் கலத்துக்குள் நீர் புகுந்துவிட்டால் அந்த இரும்பு அரித்து ஹைட்ரஜனைத் தரும். அது எரிபொருளுக்கே காவலாகிவிடும்.

சீரியம் ஆக்சைடு இந்த வாதத்துக்கு நல்ல சோதனை. படிக அமைப்பில் அது யுரேனியம் டையாக்சைடின் உடன்பிறப்பு, கதிரியக்கமும் இல்லை. அதனால் அணு எரிபொருளைத் தொட வசதியில்லாத ஆய்வகங்களில் பதிலாளாக அதை எடுத்துக்கொள்வது வழக்கம். சாதாரண நீரில் கரையவே கரையாது என்று பெயர் எடுத்த பொருள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஸ்கர், இங்க்சன், மோபஸ் ஆகியோர் அதை நீரோடு அடைத்துவைக்கும் திரவ செல்லில் வைத்து நுண்ணோக்கியின் எலக்ட்ரான் கற்றையில் பார்த்தபோது, வழக்கமான வேகங்களோடு ஒப்பிட முடியாத அளவுக்குப் பெரும் வேகத்தில் கரைந்ததாக 2017-ல் எழுதினார்கள். நான்கு மின்னூட்ட சீரியம் மூன்றாக ஒடுங்கினால் அமில நீரில் கரையும். கற்றை பட்ட நீர் ஒடுக்கிகளையும் தருகிறது, அமிலத்தையும் தருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது பெராக்சைடின் இரட்டை முகம். யுரேனியத்தை ஆக்சிஜனேற்றிக் கரைக்கும் அதே பெராக்சைடு, அமிலத்தில் சீரியத்தை ஒடுக்கிக் கரைக்கிறது. பதிலாள் வைத்துச் செய்த சோதனையில் சீரியம் கரைந்தது, ஆகவே யுரேனியமும் இதே வேகத்தில் கரையும் என்று எழுதினால், விடை தற்செயலாகச் சரியாக வந்தாலும் காரணம் நேர் எதிராக இருக்கும். நீரில் ஹைட்ரஜனைச் சேர்த்தாலே அந்த ஒப்புமை உடைந்துவிடும். படிகம் ஒத்துப்போவதால் வேதியியலும் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மின்னூட்டத்தை மாற்றிக்கொள்ளவே மாட்டாத தாதுக்கள் என்ன ஆகும்? அலுமினியம் மூன்றில் தொடங்கி மூன்றிலேயே முடியும், ரேடிக்கலால் அதை ஏற்றவோ இறக்கவோ முடியாது. இந்தக் கேள்வி வெறும் ஆர்வத்துக்காக எழுந்ததில்லை. ஹான்ஃபோர்டில் புளூட்டோனியம் தயாரித்த காலத்தின் கழிவு 177 நிலத்தடித் தொட்டிகளில், ஏறத்தாழ 21 கோடி லிட்டர் கிடக்கிறது. அதன் சேற்றில் கிப்சைட் என்ற அலுமினியம் ஹைட்ராக்சைடும் போமைட்டும் ஏராளம். கண்ணாடியாக உருக்குவதற்கு முன்னால் அலுமினியத்தைச் சூடான காரத்தில் கரைத்துப் பிரித்துவிட்டால் கண்ணாடிக் கட்டிகளின் எண்ணிக்கை குறையும், செலவும் குறையும். கிப்சைட் சீக்கிரம் கரைந்துவிடும், போமைட் முரண்டு பிடிக்கும். பல பத்தாண்டுகள் கதிரில் கிடந்த போமைட், புதிதாகச் செய்த போமைட்டைப்போலவே நடந்துகொள்ளுமா என்பதுதான் கேள்வி. தொட்டி நீரின் சேர்மானத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடுகிறது. அங்கே நைட்ரேட்டும் நைட்ரைட்டும் லிட்டருக்கு மோல் கணக்கில் இருக்கின்றன. ஒரு மோல் நைட்ரேட்டில் நீரேறிய எலக்ட்ரானின் ஆயுள் ஒரு நானோ நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் அது நகரக்கூடிய தூரம் ஏறக்குறைய 2 நானோமீட்டர். சுத்த நீரில் 70 நானோமீட்டர் தூரத்திலிருந்து வந்து தாக்கக்கூடிய ரேடிக்கல், இங்கே மேற்பரப்பை ஒட்டிய சில மூலக்கூறு அடுக்குகளில் பிறந்தால்தான் துகளைத் தொட முடியும். கதிர் தரும் அமிலத்தன்மையும் இங்கே பொருட்டில்லை. கிரேக்கு ஒரு மைக்ரோமோலுக்கும் குறைவாக வரும் அமிலத்தை, மோல் கணக்கில் நிற்கும் காரம் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சுத்த நீரில் போமைட்டைக் கதிரில் வைத்து அளந்த எண்ணைத் தொட்டிக்கு எடுத்துச் செல்பவர், இந்த இரண்டு காவல்களையும் மறந்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

திடப்பொருளுக்குள் கதிர் ஏற்படுத்தும் சேதத்தை நான் மிகவும் குறைத்துச் சொல்கிறேன் என்று முதல் மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. ஆக்சைடில் இறங்கும் ஆற்றல் அங்கேயே நின்றுவிடுவதில்லை. எலக்ட்ரானாகவும் துளையாகவும் மேற்பரப்புக்கு நகர்ந்து, ஒட்டியிருக்கும் நீரை உடைக்கிறது. சிர்கோனியம் ஆக்சைடின் மேல் ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் ஹைட்ரஜன் விளைச்சல் சாதாரண நீரைவிடப் பல மடங்கு கூடுவது தெரிந்த விஷயம். கிப்சைட், போமைட் போன்ற ஹைட்ராக்சைடுகள் உலர்ந்த நிலையிலேயே கதிரில் ஹைட்ரஜனை விடுகின்றன; படிகத்துக்குள் குறைகள் தங்கிவிடுகின்றன. குறையுள்ள இடத்தில் அணுவைப் பிடித்துவைக்கும் பிணைப்புகள் குறைவு, கரைதல் அங்கேதான் தொடங்கும். நைட்ரேட் காவல் நிற்கும் தொட்டியில் இந்த வழிக்கு முக்கியத்துவம் கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் நீர் வழி அங்கே அடைபட்டிருக்கிறது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வீழ்த்துவதில்லை. நேரடி சேதத்துக்கு எப்போது பங்கு கூடும் என்பதையும் நீரின் சேர்மானம்தானே தீர்மானிக்கிறது? இரண்டு வழிகளையும் பிரித்தறியச் சோதனையும் உண்டு. துகளை உலர்ந்த நிலையில் கதிரில் வைத்து, பிறகு கதிர் படாத கரைசலில் போட்டுக் கரையும் வேகத்தை அளக்க வேண்டும். அடுத்து, கதிர் படாத துகளைக் கரைசலில் போட்டுக் கதிரில் வைத்து அளக்க வேண்டும். முதல் சோதனையில் வேகம் கூடினால் குற்றவாளி படிகச் சேதம். இரண்டாவதில் மட்டும் கூடினால் நீர்.

அடுத்த மறுப்பு கண்ணால் பார்த்தவர்களிடமிருந்து வரும். திரவ செல்லில் துகள் ஒவ்வொரு முகமாகக் கரைவதை நேரே பார்க்கிறோம், இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்பார்கள். செல் என்பது இரண்டு சிலிக்கான் சில்லுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் சுமார் 50 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் நைட்ரைடு சன்னல். ஒரு சொட்டில் சிறு பகுதியை இடையில் விட்டு, மேல் சில்லைப் பொருத்தி, ஓ-ரிங் நசுங்காமல் திருகிவிட்டால், நடுவில் நிற்பது சில நூறு நானோமீட்டர் நீர். நுண்ணோக்கிக்குள் வைத்துக் கற்றையைத் திறந்தால் சாம்பல் நிறத் தட்டுகளாகத் துகள்கள் தெரியும். முதலில் மூலைகள் மழுங்கும், பிறகு விளிம்புகள் உள்வாங்கும், மெல்லியவை முதலில் மறையும். பார்க்க அற்புதமான காட்சி. ஆனால் அந்தக் கற்றையின் டோஸ் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு நொடிக்கு ஒரு எலக்ட்ரான் என்பது மிகவும் மென்மையான பார்வை. அதிலேயே நீர் நொடிக்கு ஏறக்குறைய 38 லட்சம் கிரே வாங்குகிறது. மனிதரைக் கொல்ல நான்கைந்து கிரே போதும். முன்னே சொன்ன கோபால்ட் அறை 44 நாட்களில் தருவதை இந்தக் கற்றை ஒரே நொடியில் தருகிறது. அங்கே மணிக்கு ஒன்றாக விழுந்த நேரடி அடி இங்கே நொடிக்கு ஆயிரத்தை ஒட்டி விழுகிறது. நேரடி சேதம் அற்பம் என்று நான் போட்ட கணக்கு கோபால்ட் அறைக்குப் பொருந்தும், நுண்ணோக்கிக்குப் பொருந்தாது.

மொத்த டோஸ் சமமாக இருந்தால் விளைவும் சமமாகத்தானே இருக்க வேண்டும் என்பார்கள். ஒரு பருவம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழை ஒரே இரவில் கொட்டினால் ஏரி நிரம்பாது, கரைதான் உடையும். நீரிலும் அப்படித்தான். ரேடிக்கல்கள் அடர்த்தியாகப் பிறக்கும்போது கரைசலில் உள்ள பொருளைத் தேடிப் போவதற்கு முன்பே ஒன்றையொன்று சந்தித்து அழிந்துவிடுகின்றன. அந்த நிலையில் அவற்றின் செறிவு டோஸ் வேகத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் உயரும். டோஸ் வேகம் பத்து லட்சம் மடங்கு கூடினால் ரேடிக்கல் செறிவு ஆயிரம் மடங்குதான் கூடும். ஸ்கேவெஞ்சர் ஆட்சி செய்யும் கரைசலிலோ அது நேர்விகிதத்தில் உயரும். ஆகவே டோஸ் வேகத்தை மாற்றினால் எல்லாப் பொருள்களும் ஒரே மடங்கில் கூடிக் குறைவதில்லை, அவற்றுக்கிடையிலான விகிதமே மாறிவிடுகிறது. மென்மையான கதிரில் பெராக்சைடு ஆளும் நீர், கடுமையான கற்றையில் ரேடிக்கல்களும் அமிலமும் ஆளும் நீராகிவிடும். பெயர் ஒன்றுதான், வேதியியலில் இரண்டும் இரண்டு வேறு திரவங்கள். ஷ்னைடர், ராஸ், பாவ் முதலானோர் 2014-ல் வெளியிட்ட கணக்கீடு இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. அதற்குப் பிறகு திரவ செல்லில் அளந்த வேகத்தை டோஸ் வேகம் குறிப்பிடாமல் வெளியிடுவதற்குச் சாக்கே இல்லை.

கற்றை நீரைக் கொதிக்க வைக்கிறது, துகள் கரைவதற்கு அதுதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. வெப்பம் வெளியேறவே இல்லை என்றால் மேலே சொன்ன மென்மையான கற்றையிலேயே நீர் நொடிக்கு 900 டிகிரி சூடேறும் என்பது உண்மை. ஆனால் சில நூறு நானோமீட்டர் நீரிலிருந்து வெப்பம் வெளியேற மைக்ரோ நொடிகள் போதும், அதனால் உண்மையில் ஏறும் வெப்பநிலை வழக்கமாக ஓரிரு டிகிரியைத் தாண்டாது. கவலைப்பட வேண்டியது குமிழியைப் பற்றி. பிறக்கும் ஹைட்ரஜன் நீரில் கரையக்கூடிய அளவைத் தாண்டியதும் திரையில் ஒரு வெளிச்சமான வளைவு நகர்ந்து வரும். நீர் ஒதுங்கி, துகள்கள் சன்னலில் ஒட்டிய மெல்லிய ஈரத்தில் நின்றுவிடும். அந்தக் கணத்தோடு கரைதல் நிற்கும். வீடியோவை வேகமாக ஓட்டிப் பார்ப்பவர், கரைசல் நிறைவுற்றதால் நின்றது என்று எழுதிவிடுவார். கரைசல் நிறைவுறவில்லை, கரைசலே அங்கே இல்லை. கதிர் வேகத்தைக் கூட்டியதா குறைத்ததா என்ற கேள்விக்கு இந்த இடத்தில் விடை தேடுவதே தவறு.

காமா அறையிலும் கண்ணிகள் உண்டு, அவை வேறு ரகம். துகள் கரைந்ததா என்று பார்க்கக் கரைசலை வடிகட்டி, வடிந்த நீரில் உலோகத்தை ஐசிபி கருவியில் அளப்போம். வழக்கமான 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியின் துளை, 10 நானோமீட்டர் துகளைவிட இருபது மடங்கு அகலம். கதிரால் மேற்பரப்பின் மின்னூட்டம் மாறி, கொத்தாக ஒட்டியிருந்த துகள்கள் பிரிந்துவிட்டாலே போதும், அவை அப்படியே வடிகட்டியைத் தாண்டிப்போய்க் கரைந்த உலோகமாகக் கணக்கில் ஏறிவிடும். ஓர் அணுகூடக் கரையாமலே கரையும் வேகம் கூடியதாக முடிவு வரும். அதனால் சில நானோமீட்டர் துளையுள்ள அல்ட்ரா வடிகட்டியும் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜும் இந்தத் தொழிலில் தவிர்க்க முடியாதவை. சீசாவும் நடுநிலை வகிக்காது. கண்ணாடி கதிரில் பழுப்பேறும், காரத்தில் சிலிக்காவைக் கரைசலில் விடும், அந்தச் சிலிக்கா அலுமினியத்தோடு சேர்ந்து வேறு திடப்பொருளாகப் படியும். டெஃப்லான் பாதுகாப்பு என்று எடுத்தால் கதிரில் அது சிதைந்து ஃபுளோரைடை விடும். அலுமினியத்தைக் கரைசலுக்கு இழுப்பதில் ஃபுளோரைடு கெட்டிக்காரன். துகள் போடாத கரைசல், கதிர் படாத துகள், இரண்டும் இல்லாத வெறும் சீசா என மூன்று ஒப்பீடுகளும் பக்கத்தில் இல்லாத அளவீட்டை நான் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை.

இத்தனை நிபந்தனை போட்டால் எந்த எண்ணும் எதற்கும் உதவாதே என்ற சலிப்பு வருவது இயல்பு. உண்மையில் நிலைமை நேர்மாறானது. நீரில் கதிர் உண்டாக்கும் பொருள்கள் எத்தனை வீதம் பிறக்கின்றன, எவற்றோடு எத்தனை வேகத்தில் சேர்கின்றன என்பது அறுபது ஆண்டு உழைப்பில் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. கரைசலின் சேர்மானத்தையும் டோஸ் வேகத்தையும் கொடுத்தால், ஒரு மடிக்கணினியிலேயே ரேடிக்கல் செறிவுகளைக் கணக்கிட்டுவிடலாம். கணக்கு நீரைச் சொல்லிவிடும், சோதனை மேற்பரப்பைச் சொல்ல வேண்டும். திரவ செல்லின் மதிப்பும் அங்கேதான். அதில் அளந்த வேகத்தைத் தொட்டிக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் ஒரே பார்வையில், ஒரே நீரில், ஒரே டோஸில் இருக்கும் இரண்டு துகள்களில் எது முதலில் கரைகிறது, எந்த முகம் முதலில் உள்வாங்குகிறது என்பதை அது சொல்லும். கற்றையைக் கூட்டிக் குறைத்து, ஸ்கேவெஞ்சரை மாற்றி மாற்றிப் பார்த்தால், கரைப்பது ஹைட்ராக்சிலா, எலக்ட்ரானா, அமிலமா என்றும் பிரித்துச் சொல்லும். இவை டோஸ் வேகத்தைக் கடந்தும் நிற்கும் செய்திகள்.

கடைசி மறுப்பு காலத்தைப் பற்றியது. நிலத்தடியில் கதிர் மெதுவாகத்தான் விழுகிறது, அதனால் இதெல்லாம் ஆய்வகக் கவலை என்று ஒதுக்கலாமா? மெதுவாக விழுவதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளால் பெருக்க வேண்டியிருக்கிறது என்பது ஒரு பதில். மேலும், மெதுவாக விழும்போதுதான் நிலையான பெராக்சைடும் ஹைட்ரஜனும் ரேடிக்கல்களை ஓரங்கட்டி முன்னுக்கு வருகின்றன. விளைவின் திசையே அந்த இரண்டின் சமநிலையில் தொங்குகிறது. காபோன் நாட்டின் ஓக்லோவில் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையே அணு உலையாக எரிந்த யுரேனியப் படிவு 1972-ல் கண்டுபிடிக்கப்பட்டது. நீரில் நனைந்து, பல லட்சம் ஆண்டுகள் பிளவுண்டு, கடுமையான கதிரை அனுபவித்தும், யுரேனியத்தில் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைக் காத்ததில், சுற்றியிருந்த கரிமப் பொருளும் ஒடுங்கிய இரும்பும் ஆக்சிஜனேற்றிகளை விழுங்கியதற்குப் பெரும் பங்கு உண்டு. ஷிங்கொலொப்வேயில் காற்றும் நீரும் எட்டிய இடத்தில் பெராக்சைடுத் தாது விளைந்தது. இரண்டு இடத்திலும் யுரேனியத் தாது, இரண்டு இடத்திலும் நீர், இரண்டு இடத்திலும் கதிர். வேறுபட்டது நீரின் குணம்.

ஆகவே, இந்தத் தாதுவைக் கதிர் கரைக்குமா என்று கேட்பவரிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது ஐந்து. உலோகம் மின்னூட்டத்தை மாற்றிக்கொள்ளக் கூடியதா? எந்த மின்னூட்டத்தில் அதிகம் கரையும்? நீரில் ரேடிக்கலை விழுங்க என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? டோஸ் வேகம் என்ன, அது காமாவா ஆல்ஃபாவா எலக்ட்ரான் கற்றையா? பிறக்கும் ஹைட்ரஜன் வெளியேறுமா, உள்ளேயே தங்குமா? இவற்றுக்கு விடை இருந்தால் கரையும் திசையைச் சோதனைக்கு முன்பே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சோதனை வேகத்தைச் சொன்னால் போதும். விடை இல்லாமல் அளந்த வேகம் எத்தனை தசம இடத்துக்குத் துல்லியமாக இருந்தாலும், அளந்த சீசாவுக்கு மட்டுமே சொந்தம். கழிவுத் தொட்டிக்கோ புதைகிடங்கிற்கோ ஓர் எண்ணைப் பரிந்துரைக்கும் அறிக்கையில், அந்த எண்ணுக்கு மேலே முதல் வரியாக நீரின் சேர்மானம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த வரி இல்லாத அறிக்கையை வடிவமைப்புக்குப் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்புவதுதான் பொறியாளருக்கு அழகு.